சரியான பல்தான் சத்தம் போடும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில் வருகிற ஊர் மாகறல். சம்பந்தர் பாடிய சிவன் கோயில் இருப்பதால் வெளியூர் வேன்கள் வந்து போகும். அப்படி ஒரு வேன் கோயில் தெருவுக்குள் நுழைந்து, திருப்ப இடமில்லாமல் அப்படியே பின்னால் வருவதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். உள்ளே போகும்போது இன்ஜின் உறுமல் மட்டும்தான். ரிவர்ஸ் போட்டதும் அதற்கு மேலாக ஓர் ஊளை கிளம்பும். டிரைவர் ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த ஸ்தாயி ஏறும், காலை எடுத்தால் இறங்கும். இன்ஜின் அதேதான், கியர் பாக்ஸ் அதேதான், எண்ணெயும் அதேதான். உள்ளே வேலை செய்கிற பற்சக்கரங்கள் மட்டும் வேறு.

முன்னால் போவதற்கான சக்கரங்களில் பற்களைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். ரிவர்ஸுக்கு மட்டும், பழைய வண்டிகள் பலவற்றிலும் இன்றைய வண்டிகள் சிலவற்றிலும், நேர்ப்பல். நடுவில் இருக்கும் ஐட்லர் சக்கரத்தை அச்சில் அப்படியே நகர்த்திக் கோத்துவிடலாம் என்பது வசதி, செலவும் குறைவு. நாள் முழுக்க ஓட்டினாலும் ஐந்து நிமிடம் வேலை வராத கியருக்கு யார் காசு செலவழிப்பார்கள்?

கியர் சத்தம் போட்டால் நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள்: பல் தேய்ந்துவிட்டது, எண்ணெய் குறைந்துவிட்டது, வெட்டியவன் சரியாக வெட்டவில்லை. எல்லாமே நடக்கக்கூடியவைதான். ஆனால் இன்று காலை ஷோரூமிலிருந்து எடுத்து வந்த வண்டியும் ரிவர்ஸில் ஊளையிடுகிறதே? அதில் தேய்மானம் இல்லை, எண்ணெய் புதுசு, பல்லைக் கணக்குப்படி வெட்டியிருக்கிறார்கள். இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்லலாம்: கணக்குப்படி அச்சு அசலாக வெட்டிய பல்தான், சுமை ஏறியதும் சத்தம் போடும்.

அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளக் காஞ்சிப் பக்கத்து நெசவு வீடு ஒன்றுக்குள் போனால் போதும். ஊடைக்கு நூல் சுற்றும்போது ஒரு பக்கம் நூல் ஏற்றிய உருளை, மறுபக்கம் அந்த நூலைச் சுற்றி எடுக்கும் தார், நடுவில் விறைப்பாக நிற்கும் பட்டு நூல். தாரைச் சுற்றினால் நூல் இழுத்து எதிர் உருளையும் சுற்றும். நூல் ஏறி ஏறிப் பருமன் கூடுவதை மறந்துவிட்டால், இரண்டின் வேக விகிதத்தை அவற்றின் விட்டங்களே தீர்மானிக்கின்றன. ஒரு துளிகூடத் திக்காமல் திணறாமல் ஓடும். இப்போது அந்த நூலில் ஒரு குங்குமப் பொட்டு வையுங்கள். பொட்டு நேர்கோட்டில்தான் போகிறது. ஆனால் சுற்றுகிற தாரோடு ஓர் அட்டையை ஒட்டிவிட்டு, பொட்டு அந்த அட்டைமேல் போகிற தடத்தை வரைந்தால் வளைகோடு விழும். எதிர் உருளையோடு ஒட்டிய அட்டையில் இன்னொரு வளைகோடு விழும். இரண்டையும் தகட்டில் வெட்டி எடுத்து, நூலைக் கழற்றிவிடுங்கள். நூல் இழுத்துச் செய்த வேலையை அந்த விளிம்புகள் ஒன்றையொன்று தள்ளியே செய்துவிடும், அதே விகிதத்தில். (சக்கரங்கள் எதிரெதிராகச் சுற்ற வேண்டுமென்றால் நூலைக் குறுக்காக விட வேண்டும், அவ்வளவுதான்.)

இதுதான் இன்வொல்யூட் வளைவு. பற்சக்கரத்துக்கு இந்த வளைவு பொருந்தும் என்று 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கணக்குப் போட்டுக் காட்டியவர் லியோனார்டு ஆய்லர். உருளைகளைச் சற்றே தள்ளி வைத்தாலும் விட்டம் மாறாது, எனவே விகிதமும் மாறாது. தொழிற்சாலையில் அச்சுக்கு அச்சு தூரம் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பாதகமில்லை என்ற இந்த ஒரு குணத்துக்காகவே, இன்று கடிகாரம் போன்ற சில இடங்களைத் தவிர ஏறக்குறைய எல்லாப் பற்சக்கரங்களும் இந்த வளைவில்தான் வெட்டப்படுகின்றன.

ஆய்லரின் கணக்கில் பல் வளையாது. எஃகுப் பல் வளையும்.

எவ்வளவு வளையும் என்பதற்கு வடிவமைப்பாளர்கள் கையில் ஒரு பொது அளவு உண்டு. எஃகுச் சக்கரத்தில் ஒரு ஜோடிப் பற்கள், அகலத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய 14 நியூட்டன் விசை கொடுத்தால் ஒரு மைக்ரான் அமுங்கும். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள பல்லின்மேல் 2,800 நியூட்டன், அதாவது 280 கிலோவுக்குக் கொஞ்சம் மேலான எடை ஏறினால், 10 மைக்ரான் வளைவு. பட்டுப்புழு இழுக்கும் ஒற்றை இழையின் தடிமன் ஏறக்குறைய அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தட்டுப்படாது. காதுக்கு மட்டும் தப்பாது.

ஏன் என்றால் அந்த வளைவு ஒரே அளவில் நிற்பதில்லை. நேர்ப்பல் சக்கரத்தில் சில நேரம் ஒரு ஜோடிப் பற்கள் மட்டும் சுமையைத் தாங்கும், சில நேரம் இரண்டு ஜோடிகள் தாங்கும். தொடுகை விகிதம் 1.6 என்று வரைபடத்தில் போட்டிருந்தால், நூற்றுக்கு அறுபது பங்கு நேரம் இரண்டு ஜோடி, மீதி நாற்பது பங்கு ஒற்றை ஜோடி என்று பொருள். இரண்டு பேர் தாங்கும்போது வளைவு குறைகிறது, ஒருவர் விலகியதும் கூடுகிறது. இதனால் ஓட்டப்படும் சக்கரம் சில மைக்ரான் பின்தங்கி, உடனே எட்டிப் பிடித்து, மறுபடி பின்தங்குகிறது. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு தடவை. 20 பல் சக்கரம் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் வினாடிக்கு ஆயிரம் தடவை. அந்த நடுக்கம் அச்சுக்குப் போய், பேரிங் வழியாகப் பெட்டிக்கு ஏறி, பெட்டியின் சுவர் அதிர்ந்து காற்றை உலுக்குகிறது. சத்தம் பிறப்பது பல்லில். நம் காதுக்கு வருவது பெட்டியிலிருந்து. பெட்டிச் சுவரின் சொந்த அதிர்வெண் அந்த ஆயிரத்தோடு ஒத்துப்போய்விட்டால் கேட்கவே வேண்டாம்.

இந்தப் பின்தங்கலைத்தான் இயக்கக் கடத்தலில் வரும் பிழை என்கிறார்கள். கியர் சத்தத்துக்கு மூலம் இதுவே என்ற பார்வையை ஊன்றியதில் எஸ். எல். ஹாரிஸ் 1958இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. கிரிகரி, மன்றோ இருவரோடும் சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட கட்டுரை அதை இன்னும் உறுதிப்படுத்தியது. நம் ஊர் மெக்கானிக்கல் மாணவர்கள் தேர்வு அறைக்குள் கொண்டுபோகும் பிஎஸ்ஜி டிசைன் டேட்டா புத்தகத்தில் பற்சக்கரத்துக்கு ஏகப்பட்ட பக்கங்கள் இருக்கின்றன. பல் முறியக் கூடாது, பல்லின் மேற்பரப்பு குழிந்துபோகக் கூடாது என்பதில்தான் அவற்றின் கவலை. முறியாத பல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டால் முழு மதிப்பெண். அது ஊளையிடுமா என்று கேட்டு ஒரு கேள்வி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வளைவால் இன்னொரு தொல்லை உண்டு, அது இதைவிட மோசம். சுமை தாங்கும் ஜோடி வளைந்திருப்பதால், அடுத்து வர வேண்டிய ஜோடியின் பற்கள் தங்கள் முறைக்கு முன்பே ஒன்றையொன்று சந்தித்துவிடுகின்றன. ஓட்டப்படும் சக்கரத்தின் பல் நுனி, ஓட்டும் பல்லின் அடிப்பாகத்தில் சுருக்கென்று மோதுகிறது. வளைகோட்டின் மேல் வழுக்கிக்கொண்டு வர வேண்டிய தொடுகை, ஓர் இடியாக வருகிறது. பல் எவ்வளவுக்கெவ்வளவு கச்சிதமான இன்வொல்யூட்டோ, அவ்வளவுக்கவ்வளவு இந்த இடி நிச்சயம்.

அதற்கு வைத்தியம், பல்லின் நுனியை வேண்டுமென்றே கெடுப்பது. ஹெச். வாக்கர் என்ற பொறியாளர் 1938இல் இதற்கான கணக்கை எழுதினார். சுமையில் பல் எவ்வளவு வளையும் என்று பார், வெட்டுவதில் வரக்கூடிய பிழையை அதோடு கூட்டு, அந்த அளவுக்கு நுனியில் உலோகத்தைச் சீவி எடு. டிப் ரிலீஃப் என்பது இதுதான். சீவுவது பத்து, இருபது, முப்பது மைக்ரான். சும்மா கையில் சுற்றிப் பார்த்தால் இந்தச் சக்கரம் தப்பானது. சுமை ஏறிப் பல் வளைந்ததும் சீவிய இடம் வளைவுக்கு ஈடாகிவிடும். புதிதாக வரும் பல் முட்டாமல் மெல்ல உள்ளே வரும்.

எந்தச் சுமைக்கு ஈடுகட்டுவது என்பதில்தான் சிக்கல். நுனியிலிருந்து நீளமாக, ஒற்றை ஜோடி தாங்கும் பகுதியின் எல்லைவரை சீவினால், கணக்கில் எடுத்துக்கொண்ட சுமையில் சக்கரம் அமைதியாக ஓடும். சுமை குறைந்தால் முனகும். நுனியில் மட்டும் குட்டையாகச் சீவினால் சுமையில்லாதபோது அமைதி, சுமையில் சத்தம். இரண்டையும் ஒரே பல்லில் வாங்க முடியாது. முகூர்த்த நாளில் படிக்கட்டுவரை ஆள் தொங்குகிற பஸ்ஸும், கடைசி டிரிப்பில் நடத்துநரும் இரண்டு பயணிகளுமாகத் திரும்புகிற பஸ்ஸும் ஒரே பஸ்தானே. எந்த நேரத்து அமைதி வேண்டும் என்று யாராவது ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். கம்பெனிகளில் இந்த முடிவை இளம் பொறியாளர் ஒருவர், யாரும் கேட்காமலே, வரைபடத்தின் ஓரத்தில் ஓர் எண்ணாகப் போட்டுவிட்டுப் போகிறார் என்பது என் சந்தேகம்.

பல் ஒன்று விலகி அடுத்தது சுமை ஏற்கும் அந்தக் கணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தமிழ்நாட்டில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது: மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறு. நீலகிரி மலை ரயிலின் பல்தண்டவாளம் அங்கேதான் தொடங்கி, மலையேறிக் குன்னூர்வரை போகிறது. 1899இல் குன்னூர்வரை திறந்த பாதை. மிகச் செங்குத்தான இடத்தில் 12.28 அடி போனால் ஓரடி ஏற்றம். சாதாரண இரும்புச் சக்கரம் அந்தச் சரிவில் வழுக்கிவிடும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பல்லுள்ள இரும்புப் பட்டை. இன்ஜினின் அடியில் பற்சக்கரம். இன்ஜின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் ஆலை செய்து அனுப்பிய எக்ஸ் வகை இன்ஜின்களில் நான்கு சிலிண்டர்கள். அவற்றில் இரண்டு சாதாரணச் சக்கரங்களுக்கு, இரண்டு பற்சக்கரங்களுக்கு. பின்னாளில் திருச்சி பொன்மலைப் பணிமனையே அந்த வகையில் புது இன்ஜின்களைக் கட்டியது.

கல்லாற்றில் குனிந்து பார்த்தால் நடுவில் ஓடுவது ஒரு பட்டை அல்ல, இரண்டு. பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் பற்கள் நேருக்கு நேராக இல்லை. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். இது ரோமன் ஆப்ட் என்ற ஸ்விஸ் பொறியாளர் 1882இல் காப்புரிமை பெற்ற முறை. அவர் வேலை பழகிய ரிக்கன்பாக்கின் முறையில் தண்டவாள நடுவே ஓர் இரும்பு ஏணியைக் கிடத்தியிருப்பார்கள். சக்கரம் ஒவ்வொரு படியாகப் பிடித்து ஏறும். ஒரு படியை விட்டு அடுத்த படிக்கு மாறும்போது மொத்த ரயிலின் சுமையும் இடம் மாறும். ஆப்ட் இன்ஜினின் பற்சக்கரத்தையும் இரண்டு தட்டுகளாக்கி, அரைப் பல் தள்ளிப் பொருத்தினார். ஒரு தட்டின் பல் சுமையை நடுவில் தாங்கி நிற்கும்போது மற்றத் தட்டின் பல் உள்ளே நுழைகிறது. சுமை மாறும் அதிர்ச்சி பாதியாகிறது, வளைவுகளில் பிடி விட்டுப்போகும் ஆபத்தும் குறைகிறது. இன்ஜின் முதன்முதலாகப் பல்தண்டவாளத்தில் ஏறும் நுழைவுத் துண்டை வில்கம்பியின்மேல் நிறுத்தியிருக்கிறார்கள், முதல் பல் முட்டினாலும் விட்டுக்கொடுக்கட்டும் என்று. டிப் ரிலீஃப் செய்யும் அதே வேலை, கால் வைத்து நிற்கும் அளவு பெரிதாக. 2005இல் யுனெஸ்கோ இந்தப் பாதைக்கு உலகப் பாரம்பரியத் தகுதி கொடுத்தது. ஊட்டிக்குப் போகிறவர்கள் குகைகளைப் படமெடுக்கிறார்கள், பாலங்களைப் படமெடுக்கிறார்கள். அந்த அரைப் பல் இடைவெளியை யாராவது படமெடுத்தால் சந்தோஷப்படுவேன்.

இரண்டு தட்டை அரைப் பல் தள்ளி வைத்தால் இவ்வளவு பலன் என்றால், நான்கு தட்டைக் கால் பல் தள்ளி வைக்கலாமே? வைக்கலாம். ராபர்ட் ஹூக் 17ஆம் நூற்றாண்டிலேயே அப்படிப் படிப்படியாகத் தள்ளி அடுக்கிய சக்கரத்தைப் பற்றி எழுதிவிட்டார். தட்டுகளை மெல்லிசாக்கிக்கொண்டே போய், எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால், கடைசியில் படிகள் மறைந்து பல் முழுவதும் ஒரே சாய்வாகிவிடும். வேனின் முன்னோக்கிய கியர்களில் இருக்கும் சாய்வுப்பல் அதுதான். தொடுகை பல்லின் ஒரு மூலையில் புள்ளியாகத் தொடங்கி, குறுக்குக் கோடாக நீண்டு, எதிர் மூலையில் சுருங்கி முடிகிறது. எந்த நொடியிலும் பல ஜோடிகள் வெவ்வேறு கட்டங்களில் சுமையைப் பகிர்ந்து நிற்பதால், ஒட்டுமொத்த விறைப்பு ஏறக்குறைய மாறாமல் இருக்கும். சக்கரத்தின் அகலத்தையும் சாய்வையும் ஒழுங்காகத் தேர்ந்தெடுத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் பல் சரியாக ஒரு பல் தூரமோ இரண்டு பல் தூரமோ நகர்ந்திருக்கும்படி செய்தால் இன்னும் நல்லது.

சாய்வுக்கு விலை உண்டு. சாய்ந்த பல் சக்கரத்தைப் பக்கவாட்டிலும் தள்ளும். 25 பாகை சாய்வில், சுழற்றும் விசையில் கிட்டத்தட்ட பாதி அச்சுவாக்கில் போய்விடும். அதைத் தாங்கத் தனி பேரிங் வேண்டும், பெட்டி கனமாகும். இடச்சாய்வு, வலச்சாய்வு இரண்டையும் ஒரே சக்கரத்தில் சேர்த்து அம்பு முனை வடிவில் வெட்டினால் இரண்டு தள்ளலும் கழித்துக்கொள்ளும். அப்படி வெட்டுவதற்கான காப்புரிமையைப் போலந்தில் வாங்கித் தொழில் தொடங்கியவர் ஆந்த்ரே சிட்ரோயன். பிறகு கார் செய்தபோது அந்தப் பல்லையே சின்னமாக வைத்தார். இன்று திருவள்ளூரில் தயாராகி ஓடும் சிட்ரோயன் கார்களின் முகப்பில் இருக்கும் இரட்டை அம்பு முனை அந்தப் பல்தான்.

பல்லை நீளவாக்கில் சீவுவதும் உண்டு. சுமையில் வளைவது பல் மட்டுமல்ல. அச்சும் வளைகிறது, பெட்டியும் நெளிகிறது. சக்கரங்கள் ஒன்றுக்கொன்று மயிரிழை கோணலாகி, பல்லின் ஒரு ஓரம் மட்டும் மொத்தச் சுமையையும் வாங்கிக்கொள்கிறது. அதனால் பல்லின் இரு ஓரங்களையும் சில மைக்ரான் தாழ்த்தி, நடுவை மேடாக விடுவார்கள்.

இதன் விளைவை லாரி மெக்கானிக் கடையில் பார்க்கலாம். பின் அச்சில் கிரவுன் பினியன் என்ற பற்சக்கர ஜோடியை மாட்டியதும் மெக்கானிக் நாலைந்து பற்களில் நீலச் சாயத்தை மெல்லிசாகப் பூசுவார். கிரவுனை ஒரு கையால் பிடித்து இழுத்துக்கொண்டே பினியனைச் சுற்றுவார். சாயம் அழிந்து பளிச்சென்று தெரியும் திட்டு எங்கே விழுகிறது என்று பார்ப்பார். அனுபவம் இல்லாதவர்கள் திட்டு பல்லின் நட்டநடுவில் விழ வேண்டும் என்று நினைப்பார்கள். தெரிந்தவர், உள்முனைப் பக்கம் கொஞ்சம் ஒதுங்கி விழும்படி சிம் என்ற மெல்லிய தகடு போட்டு வைப்பார். லோடு ஏறியதும் திட்டு வெளிமுனைப் பக்கம் நகர்ந்து பரவும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு பற்களையும் ஒன்றோடொன்று உரசவிட்டே ஆலையில் மெருகேற்றியிருப்பதால், கிரவுனையும் பினியனையும் ஜோடியாகத்தான் விற்பார்கள். பினியன் மட்டும் போய்விட்டது என்று வேறு ஒன்றைப் போட்டு ஓட்டினால், ஊளையிலேயே தெரிந்துவிடும்.

பற்களின் எண்ணிக்கையிலும் கொஞ்சம் சூட்சுமம் இருக்கிறது. 20க்கு 40 என்று வைத்தால் சின்னச் சக்கரத்தின் ஒரு பல் வாழ்நாள் முழுக்க அதே இரண்டு பற்களைத்தான் சந்திக்கும். ஒரு பல்லில் கீறல் இருந்தால் அந்த இரண்டும் சீக்கிரம் கெடும். 20க்கு 41 என்றால் எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் முறை வைத்துச் சந்திக்கும், தேய்மானம் பரவலாகும்.

இத்தனை காலமும் இந்தக் கலையின் குறைகளை மூடி மறைத்தது இன்ஜின் சத்தம். மின்வண்டி வந்ததும் அந்தத் திரை போய்விட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை இருக்கிறது; 2025இல் கிரெட்டாவின் மின் வடிவத்தை அந்தக் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. மின்காரில் பெட்ரோல் கார்போல ஐந்தாறு கியர்கள் தேவையில்லை. வேகத்தைக் குறைக்கும் ஒரே விகிதம் போதும். ஆனால் மோட்டார் பெட்ரோல் இன்ஜினைவிட மிக வேகமாகச் சுற்றும். மோட்டார் அச்சில் 22 பல்லும் நிமிடத்துக்கு 9,000 சுற்றும் என்று வைத்துக்கொண்டால் வினாடிக்கு 3,300 தடவை பல் மாறுகிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறக்குறைய 2,000 முதல் 5,000 வரை. பழைய காரில் யாரும் கவனித்திருக்க மாட்டாத ஒரு மைக்ரான் நடுக்கம் இங்கே கொசு ரீங்காரமாக உள்ளே வருகிறது. இரண்டு சக்கர வண்டிக்காரர்கள் சிலர் எஃகுப் பல்லைத் தவிர்க்கப் பார்த்திருக்கிறார்கள். ஓசூர் டிவிஎஸ்ஸின் ஐகியூப்பில் மோட்டார் பின் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது, ஏதர் 450இல் பெல்ட் ஓடுகிறது. முன்னதில் சக்கரத்தின் எடை கூடிக் குண்டுகுழியில் குலுங்கும், பின்னதில் பெல்ட்டை மாற்ற வேண்டிவரும். காருக்கு ஏற்ற முறுக்கு விசைக்குப் பல்தான் பெரும்பாலும் வழி.

இந்த நிசப்தத்தில்தான் ஒரு விசித்திரமான சத்தம் மேலே வருகிறது. தொழிலில் இதைப் பேய்ச் சத்தம் என்கிறார்கள். 71 பல் சக்கரம் வினாடிக்கு 20 சுற்று சுற்றினால் 1,420இல் ஒலி வர வேண்டும், அதன் மடங்குகளான 2,840, 4,260இல் வரலாம். ஆனால் ஒலியின் அதிர்வெண் வரைபடத்தில் 3,600இல் ஒரு முள் எழுந்து நிற்கிறது. 3,600ஐ 20ஆல் வகுத்தால் 180. கியர் பாக்ஸுக்குள் 180 பல் சக்கரம் எதுவும் கிடையாது. பெட்டியைப் பிரித்து, பேரிங்கை மாற்றி, எண்ணெயை மாற்றிப் பார்த்தாலும் முள் அசையாது. அந்தச் சக்கரத்தை வெட்டிய எந்திரத்தின் மேசையைச் சுற்றிவிடும் வார்ம் சக்கரத்தில்தான் 180 பல். அங்கே வார்ம் என்ற திருகில் ஒரு சின்னக் கோணல் இருந்து, வெட்டும்போது சுற்றுக்கு 180 அலைகளாகப் பல்லின்மேல் பதிந்துவிட்டது. அலையின் உயரம் ஒரு மைக்ரானுக்கும் குறைவாக இருந்தாலே போதும், காதுக்கு எட்டிவிடும். டிப் ரிலீஃபைக் கூட்டினாலும் குறைத்தாலும் இது போகாது. அரைத்து மெருகேற்றினால் போகலாம், அரைக்கும் எந்திரம் தன் பங்குக்கு வேறோர் எண்ணைப் பதித்துவிடாமல் இருந்தால்.